அடுப்புக்குள்ளே ஓர் அடுப்பு

கனடாவிலிருந்து என் மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பேரன் படமாக்கும் என்று அவசர அவசரமாக மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தால், கறேலென்று ஓர் இரும்புப் பெட்டி! முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே தகதகவென்று நெருப்பு. பக்கத்தில், சந்தையிலிருந்து நல்ல சுழியுள்ள மாடு பிடித்து வந்தவன் மாதிரிப் பெருமையோடு நிற்கிறான் என் பிள்ளை.

படத்தை மாமியாரிடம் காட்டினேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பொம்மிடியை விட்டு அதிகமாக எங்கும் போனவரல்ல. ஆனால் கேள்வி கேட்பதில் வக்கீல்கள் அவரிடம் பாடம் படிக்கலாம்.

"இது என்னா கண்ணு, பீரோவுக்குள்ள தீப்பிடிச்சிருக்கு?"

"பீரோ இல்லே அத்தை, அடுப்பு. குளிர் காயறதுக்கு. சுவத்திலே ஏற்கெனவே ஒரு கணப்பு அடுப்பு இருந்துச்சாம். அதுக்குள்ளே இதை வாங்கிச் செருகியிருக்கான்."

"அடுப்புக்குள்ள அடுப்பா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கணப்பு என்றால் என்னவென்று அத்தைக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் ஊரில் நின்று தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை மதில் எழுப்பியது போல நிற்கும். அதன் மேலே, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் ஏற்காடு. அத்தை சிறுமியாக இருந்தபோது அங்கே காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றில் கணப்பு எரிவதைப் பார்த்திருக்கிறார். "எதிரே ஒரு நாய் படுத்திருந்துச்சு. அது படுத்திருந்த பக்கம் மட்டுந்தான் சூடு. அந்தப் பக்கம் போனா ஒரே குளிரு" என்பார்.

அந்த நாய் கண்ட உண்மைதான் என் மகன் கதையிலும் இருக்கிறது. டொராண்டோவுக்கு வெளியே அவன் வாங்கிய பழைய வீட்டில் சுவரோடு சேர்த்துக் கட்டிய திறந்த கணப்பு இருந்தது. பார்க்க லட்சணம், பிரயோஜனம் பூஜ்யம். திறந்த கணப்பில் எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினாலே அதிகமாம். மற்றதெல்லாம் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்கு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. அறையில் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும் காற்றையும் அந்தப் புகைபோக்கி உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்கு ஜன்னலிடுக்கு வழியாகப் பனிக்காற்று உள்ளே வரும். விறகை எரித்துக் குளிரை விலைக்கு வாங்குவது என்றால் இதுதான்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர். மின்னலுக்குப் பட்டம் விட்ட அதே பெரியவர்தான். கணப்புக்குள் பொருந்தும் ஓர் இரும்பு அடுப்பை அமைத்து, 1744-இல் அதை விளக்கிப் புத்தகமும் போட்டார். காப்புரிமை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்ட உத்தமர். ஆனால் அந்த அடுப்பில் புகை முதலில் கீழே இறங்கி, அப்புறம் மேலே ஏறவேண்டும். புகைக்கு அப்படிச் சுபாவம் கிடையாதே! சரியாக இழுக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். பெரிய மேதைக்கே முதல் அடுப்பு சரியாக வாய்க்கவில்லை என்பதை வாசகிகள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கதைக்கு அது ஆறுதலாக இருக்கும்.

என் மகன் மூன்று வாரம் அலைந்தானாம். கணப்பின் முன்னகலம், பின்னகலம், உயரம், ஆழம் என்று நாலு அளவு. பெட்டி பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணினானாம், கூடாதாம். பெரிய பெட்டியில் காற்றை அடைத்து அடைத்து எரித்தால் விறகு எரியாமல் கனன்று, தார் போன்ற அழுக்குப் புகைக்குழாயில் படியும். ஒரு நாள் அந்த அழுக்கே பற்றிக்கொள்ளும். பழைய புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்று இறக்கினார்கள். பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர் வந்து சோதித்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் தருவதற்குக் கம்பெனிக்காரர் யோசிப்பாராம்.

"இது அமெரிக்க விதிப்படி சோதிச்ச பெட்டி அம்மா. 2020 மே மாசத்திலேருந்து புதுசா விக்கிற பெட்டியிலே மணிக்கு ரெண்டு கிராம், மிஞ்சினா ரெண்டரை கிராமுக்கு மேலே புகைத்தூள் வரக்கூடாது" என்றான்.

நான் இதை அத்தைக்குச் சொன்னேன்.

"ரெண்டு கிராமா? புகையையா? தங்கமாட்டம் எடை போடறாங்களா?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கோபமோ குறையோ இல்லாத குரலில் சொன்னார்:

"அவன் குளிருக்கு மூட்டற தீக்கு இத்தனை அளவு, இத்தனை ஆளு. நான் அறுபது வருசமா சோத்துக்கு மூட்டறேன். ஒருத்தரும் வந்து ஓர் அளவும் எடுக்கலையே கண்ணு."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

"வீட்டில் காஸ் அடுப்பு இல்லையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லாமல் என்ன! உள்ளே சமையலறையில் ஜம்மென்று இருக்கிறது. காப்பி, குழம்பு, தோசை எல்லாம் அதில்தான். ஆனால் புழக்கடைச் சார்ப்பில் அத்தையின் ராஜ்யம் ஒன்று தனியாக உண்டு. குளிக்க வெந்நீர், நெல் வேகவைப்பது, விசேஷ நாளில் பெரிய அண்டா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேழ்வரகுக் களி – இவையெல்லாம் விறகடுப்பில்தான். தோப்பில் தென்னை மட்டை விழுகிறது. மரவள்ளி பிடுங்கினால் குச்சி மலை மாதிரிக் குவிகிறது. புளியமரத்துக் காய்ந்த கிளை வேறு. "காசு குடுத்து வாங்கின தீயை வெந்நீருக்கு வெக்கறதா?" என்பது அவர் கட்சி. தருமபுரிச் சீமையில் இந்தக் கட்சிக்கு ஓட்டு அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இருமல் அதிகமாகிச் சேலத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மார்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதச் சொன்னார். அப்புறம் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குப் பீடி பழக்கம் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் பதறிப்போய், "ஐயையோ, அதெல்லாம் கிடையாது" என்றார்.

"அப்போ விறகடுப்பு" என்றார் டாக்டர். அவர் எழுதிக் கொடுத்தது ஒரு மருந்து. சொன்னது ஒரே வார்த்தை. "புகையிலிருந்து இவங்களை வெளியே எடுங்க."

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் உலகில் இறந்தவர்கள் ஏறத்தாழ 32 லட்சம் பேர். படித்தபோது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. சேலத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்த அத்தையின் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டபோது எண் மறந்துவிட்டது.

*

ஊருக்கு வந்ததும் இவர் ஒரு காரியம் செய்தார். ஆண்பிள்ளைகள் செய்கிற காரியம். யாரையும் கேட்காமல், புகையில்லா அடுப்பு என்று சொல்லி விற்ற ஒரு தகர அடுப்பை வாங்கிக்கொண்டு வந்து புழக்கடையில் இறக்கினார். யார் விற்றது என்பதை விட்டுவிடுவோம். அடுப்பின் மேல் குற்றமே இல்லை. பளபளவென்றுதான் இருந்தது.

அதன் வாய் என் உள்ளங்கை அகலம். தென்னை மட்டையின் அடிப்பக்கம் அதற்குள் நுழையாது. அரிவாளால் விரல் விரலாக நறுக்கிப் போட வேண்டும். எழுபத்தெட்டு வயதில் தினமும் அரிவாளோடு உட்கார முடியுமா? சரி, அதையாவது பேரப்பிள்ளைகள் செய்யலாம் என்று வையுங்கள். களி?

பட்டணத்து வாசகிகளுக்குக் களி கிண்டும் வைபவம் தெரியாமல் இருக்கலாம். உலை கொதித்து, மாவு வெந்து இறுகும்போது, பானையை அசையவிடாமல் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டு உடம்பின் பலமெல்லாம் சேர்த்துக் கிண்ட வேண்டும். தகர அடுப்பின் மேல் பானையை வைத்து அத்தை ஒரு கிண்டுக் கிண்டினார். அடுப்பு நடக்க ஆரம்பித்தது. இன்னொரு கிண்டு. அடுப்பு, பானை, களி மூன்றும் வாசற்படி வரை போய்விட்டன. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை.

பத்தாம் நாள் நான் பார்த்தபோது பழைய மண்ணடுப்பில் புகை சுழன்றுகொண்டிருந்தது. புது அடுப்புக்குள் எங்கள் சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "அதுக்காச்சும் உதவுதே" என்றார் அத்தை.

*

இதன் பிறகுதான் நானே இந்த விஷயத்தில் இறங்கினேன். தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது: எங்கள் வீட்டுக் கோழிக்கூடு தனியான சம்பவமல்ல. தேசத்துக்கே நேர்ந்த அனுபவம்.

வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. அந்தச் சங்கம் இயங்கிய இடத்துக்கு மகன்லால் காந்தியின் பெயரால் மகன்வாடி என்று பெயர். அங்கே உருவான புகைபோக்கி அடுப்புக்கும் 'மகன்' அடுப்பு என்றே பெயர் வந்தது. (மகன் படத்தில் ஆரம்பித்த கதை மகன் அடுப்பில் வந்து நிற்கிறது பாருங்கள்!) ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ். பி. ராஜு என்பவர் வரிசையாய்ப் பானை வைக்கும் மண்ணடுப்பு ஒன்றைப் புகைபோக்கியோடு அமைத்தார். கோடிக்கணக்கான அடுக்களைகளைப் புகையிலிருந்து மீட்பது பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1953-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. 1980-களில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 'அஸ்த்ர ஒலே' என்ற மூன்று பானை அடுப்பைக் கொண்டுவந்தார்கள். ஒலே என்றால் கன்னடத்தில் அடுப்பு.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1983-இல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் ஆரம்பித்து, 2002-இல் முடிவதற்குள் ஏறத்தாழ 3.5 கோடி அடுப்புகள் கட்டினார்கள். அவற்றில் எத்தனையோ, கட்டியவர் முதுகு மறைந்ததும் விரிசல் விட்டன, குழாய் அடைத்துக்கொண்டன, இடிக்கப்பட்டன. இன்னொரு சமாசாரம் கேளுங்கள். ஒடிசாவில் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு பெற்ற குடும்பங்களை ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2016-இல் வெளியான அவர்கள் கட்டுரையின் சாரம் இது. முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பயனும் போய்விட்டது. அடுப்பைச் சரியாக உபயோகிப்பதும் பழுது பார்ப்பதும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போயினவாம். ஆய்வுகூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு வீட்டில் எரியவில்லை.

இதைப் படித்து முடித்ததும் என் கணவரிடம் கேட்டேன்: "ஏங்க, நீங்க அந்தத் தகர அடுப்பை வாங்கறதுக்கு முன்னாடி அத்தையோட களிப்பானையை அளந்து பாத்தீங்களா?"

"பானையை எதுக்கு அளக்கணும்?" என்றார் இவர்.

அங்கேதான் இருக்கிறது விஷயம். என் மகன் கணப்புக்கு நாலு அளவு எடுத்துவிட்டல்லவா பெட்டியைத் தேடப் போனான்!

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப்புத்தகமும் நூலும் எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய் அத்தை முன்னால் உட்கார்ந்தேன். "சொல்லுங்க அத்தை. உங்களுக்கு என்ன மாதிரி அடுப்பு வேணும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், எழுதி மாளவில்லை. களிப்பானை பாதி உள்ளே இறங்கி உட்கார வேண்டும். அடுப்பு தரையோடு தரையாக அசையாமல் இருக்க வேண்டும். மட்டையின் அடி நுழைகிற வாய் வேண்டும். பக்கத்தில் வெந்நீர்த் தவலைக்கு இன்னொரு குழி. உட்கார்ந்து கிண்டுவதற்கு வலது பக்கம் இடம். கால் நீட்ட இடது பக்கம் இடம். குழாய் அவர் முதுகுப் பக்கம் வரக்கூடாது.

அளவெல்லாம் எடுத்தேன். பானையின் சுற்றளவு, தவலையின் சுற்றளவு, உட்கார்ந்தபடி அவர் கை எட்டுகிற தூரம்.

கொத்தனாரும் பானை செய்கிற பெரியவரும் வந்தார்கள். புற்று மண்ணும் மணலும் உமியும் சாணமும் சேர்த்துப் பிசைந்தது அத்தையின் மேற்பார்வையில். இரண்டு குழி, நெருப்பு முதல் குழியின் கீழே. அந்தச் சூடும் புகையும் ஒரு குறுகலான வழியாக இரண்டாவது குழிக்குப் போய்த் தவலையைத் தடவிவிட்டு, அங்கிருந்து குழாயில் ஏறும். தவலைக்கென்று தனியாக விறகே வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பானை குழியில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இரண்டாவது குழியில் எதுவும் வைக்காத நேரத்தில் மூடி போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் புகையை இழுக்காமல் அந்தச் சந்து வழியாக வெறுங்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். சின்னப் பானைகளுக்காகப் பெரியவர் மண்ணாலேயே மூன்று வளையம் செய்து சுட்டுக் கொடுத்தார்.

குழாய் விஷயத்தில் ஒரு சண்டை. கொத்தனார் பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் ஒன்று தன்னிடம் சும்மா கிடப்பதாகச் சொன்னார். அந்தக் காலத்து அடுப்புகளுக்கெல்லாம் அதைத்தான் வைத்தார்கள், வாஸ்தவம். ஆனால் அதன் தூள் நுரையீரலுக்கு எமன் என்று இன்று ஊரறியும். ஒரு நுரையீரலைக் காப்பாற்ற வைக்கிற குழாய் இன்னொரு நுரையீரலைத் தின்னலாமா? முடியாது என்றுவிட்டேன். பானை செய்கிறவரே நாலங்குலக் குழாய்களை, ஒன்றில் ஒன்று செருகும்படி சக்கரத்தில் திரித்துக் கொடுத்தார். கூரையில் ஓட்டைப் பிரித்து, மரச்சட்டத்தில் படாமல் தள்ளி, சுற்றிலும் தகடு கட்டி மேலே ஏற்றினோம். அடியில் கரியை எடுக்க ஒரு மாடம். அதை அடைக்க ஒரு செங்கல்.

அடுப்பை நிழலில் மூன்று வாரம் காயவிட்டோம். விரிசல் கண்ட இடமெல்லாம் அத்தை தினமும் குழைத்த மண்ணைப் பூசினார், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல.

நல்ல நாள் பார்த்துப் பற்றவைத்தோம். பத்து நிமிஷம் எல்லோரும் கைதட்டாத குறை. புகையைக் காணோம்! சாயங்காலம் மறுபடி மூட்டினோம். மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. அவ்வளவுதான். குழாய் வழியாகப் போன புகை, போன வேகத்தில் திரும்பி வந்தது. சார்ப்பு முழுவதும் புகைமூட்டம். பழைய அடுப்பே தேவலை என்கிற நிலைமை. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. இருமிக்கொண்டே வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார். எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது, புகையால் மட்டுமல்ல.

இரவு மகனைக் கூப்பிட்டேன். "குழாய் கூரை முகட்டைவிட உசரமா இருக்கா அம்மா?" என்றான் முதல் கேள்வியாக.

இல்லை! கொத்தனார் சார்ப்புக்கு மேலே இரண்டடி விட்டதோடு நிறுத்தியிருந்தார். பெரிய வீட்டின் முகடு பக்கத்திலேயே அதைவிட உயரமாக நின்றது. முகட்டில் மோதுகிற காற்று சுழன்று கீழே இறங்கும்போது குழாயின் வாய்க்குள் புகையைத் திணிக்கிறது. பத்தடி தூரத்துக்குள் இருக்கும் எந்தக் கூரையைவிடவும் குழாய் இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊரில் அரிச்சுவடியாம். இன்னொன்றும் சொன்னான். விடியற்காலையில் குழாய் குளிர்ந்து கிடக்கும். அப்போது அடுப்பை மூட்டினால் புகை ஏறத் தயங்கும். முதலில் கரிமாடத்தில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் பிடித்துக் குழாயைச் சூடாக்க வேண்டும். பிறகு அடுப்பு வாயருகே ஓர் ஊதுபத்தி. அதன் புகை உள்ளே இழுபட்டால் அடுப்பு தயார்.

குழாயை உயர்த்தி, மேலே ஒரு மண் தொப்பியும் போட்டோம். ஊதுபத்தி சமாசாரம் அத்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாடத்துப் பிள்ளையாருக்கு ஏற்றும் பத்தியையே முதலில் அடுப்பிடம் காட்டிவிட்டுத்தான் பிள்ளையாரிடம் போகிறார்.

*

பதினான்கு மாதம் ஆயிற்று. சார்ப்புச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒரு சரித்திரம். விறகும் முன்னைப் போல் ஆவதில்லை. வெந்நீர் இனாமாகக் கிடைக்கிறதல்லவா!

மாதம் முதல் ஞாயிறு குழாய் துடைக்கும் நாள். அதை மட்டும் இவர் தலையில் கட்டிவிட்டேன். ஏணி வைத்து ஏறி, கயிற்றில் கல்லும் தேங்காய் நார்ப் பந்தும் கட்டி, மேலிருந்து கீழே விட்டு இழுப்பார். கரி கீழ் மாடத்தில் விழும். ஒரு மாதம், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டார். அத்தை மறுநாளே பழைய மூன்று கல்லைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டார். இவர் உடனே ஏணியைத் தேடினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அத்தையின் இருமல் போய்விடவில்லை. அறுபது வருஷத்துப் புகை ஒரு வருஷத்தில் கரையாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மருந்து தொடர்கிறது. டாக்டரைக் கேட்டால் இன்றைக்கும் காஸே உத்தமம் என்பார். எனக்கும் அதே அபிப்பிராயந்தான். குழாய் புகையை அழிப்பதில்லை, வீட்டை விட்டு வெளியே அனுப்புகிறது, அவ்வளவே. அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற அம்மாளிடம் கேட்டால் அவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆனால் இரவில் அத்தை இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்த காலம் போய், ஒரு தலையணையில் படுக்கிறார்.

போன மாதம் மகன் முகம் பார்த்துப் பேசினான். அவனுடைய பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அத்தை திரையருகே குனிந்து உற்றுப் பார்த்தார்.

"உன் கண்ணாடி என்ன இப்படிக் கறுத்திருக்கு?"

"தெரியலை ஆயா. தினம் துடைக்கிறேன். மறுபடி கறுத்துப் போகுது."

"வெறகை ரெண்டு எடு. ஒண்ணோட ஒண்ணு தட்டு."

அவன் தட்டினான். தொப்பென்று ஒரு சத்தம்.

"பச்சை வெறகு! காஞ்ச வெறகா இருந்தா 'டங்'குன்னு மணி மாதிரி கேக்கும். முனையிலே வெடிப்பு ஓடியிருக்கும். யாரோ உன்னை ஏமாத்திட்டான். பொளந்து, காத்தாட அடுக்கி, ஒரு வருசம் மழை படாம வை."

அவன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டான். நான் நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது.

"குழாய் துடைச்சியா?" என்றார் அத்தை.

"போன வாரந்தான் ஆள் வந்து துடைச்சாங்க ஆயா."

"எத்தனை கரி வந்துச்சு?"

"அரை வாளி இருக்கும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நம்முளுது கால் வாளிதானே கண்ணு?"